உறுதிமொழி வாசிக்கப் போறவ

பதினொரு மணிக்குத்தான் கூட்டம், இப்ப பத்தே காலுதான் ஆவுது, அதுக்குள்ள துரைக்கண்ணு அண்ணன் என்னைக் கூட்டியாந்து மேடைக்குப் பக்கத்துல செவப்பு பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சிட்டாரு, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி உக்கார வெக்கிற மாதிரி. கையில ஒரு பேப்பர். போதை ஒழிப்பு உறுதிமொழி. எஸ்.ஐ. மேடம் வந்ததும் நான் மைக்குல வரி வரியா வாசிக்கணும், எங்க பிளாக்கு சனம் மொத்தமும் வலது கைய நீட்டிக்கிட்டு அத அப்படியே திருப்பிச் சொல்லணும். வாசிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல. பி.காம். முடிச்சவ, இந்த பிளாக்குப் பசங்க நாப்பது பேருக்கு சாயங்காலம் பாடம் சொல்லிக் குடுக்கிறவ, எழுத்துக்கூட்டியா வாசிக்கப் போறேன்? கஷ்டம் என்னன்னா நான் கஞ்சா அடிக்கிறவ. அய்யோ, மனசுக்குள்ள சொல்றதுக்கே முதுவு நனையுது. நாலு வருசமா. எப்பவாச்சும்தான். பொய், தெனமும்தான், ஞாயித்துக்கெழம மட்டும் கெடையாது, ஞாயித்துக்கெழம எல்லாரும் வீட்ல இருப்பாங்க, மொட்டமாடிக்குப் போவ முடியாது. இன்னிக்கு ஞாயித்துக்கெழம. நல்ல நாளாப் பாத்துதான் வெச்சிருக்காங்க, வாசிக்கிறவ இன்னிக்கு சுத்தபத்தமா வந்து உக்காந்திருக்கா. சிரிப்பு வருது, சிரிக்கக்கூடாது, எதிர்ல ரெண்டாவது வரிசையில அம்மா, தீபாவளிப் பொடவையக் கட்டிக்கிட்டு வந்திருக்கு, மக மேடையேறப் போறான்னு. அம்மாவுக்கு வாசன தெரியாம இருக்குமா? ஒரு தடவ கேட்டுச்சு, "இன்னாடி, ஊதுவத்தி மாத்திட்டியா?" ஆமாம்மான்னேன். அதோட விட்டுடுச்சு. தெரிஞ்சு விட்டுச்சா தெரியாம விட்டுச்சா, அத நெனைச்சா ராத்திரி தூக்கம் போவும், அதனால அத நெனைக்கிறதில்ல. தலமுடிய மோந்து பாக்கணும்போல இருக்கு. காலையில ரெண்டு வாட்டி ஷாம்பு போட்டாச்சு. ஒம்பது நாளாச்சு கடைசியா இழுத்து. எட்டு. ஒம்பது நாளுக்கு முன்னாடி மூணாவது மாடி டைட்டஸ் போலீஸ்ல மாட்டினான், அதுக்கு மறுநாள் நான் இழுத்தேன். அவன் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கும்போது நான் டப்பாவுல மிச்சம் இருந்தத எடுத்துக்கிட்டு மாடி ஏறினேன், பயம் அடங்கணும்னுதான் போனேன். மத்ததெல்லாம் எனக்கு நானே மன்னிச்சிருவேன், இத மட்டும் முடியல.

பந்தல்ல சனம் சேர ஆரம்பிச்சிடுச்சு. முன்னாடி பாய்ல பசங்க, அதுக்குப் பின்னாடி சேர்ல பொம்பளைங்க, ஓரமா நின்னுக்கிட்டு ஆம்பளைங்க. ஸ்டெல்லாக்கா வந்துடுச்சு. வராதுன்னு நெனைச்சேன். வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், அதுதான் நெசம். டைட்டஸோட அம்மா, மூணாவது மாடி. ஆறாவது வரிசையில போயி உக்காந்துச்சு, உக்காந்ததும் பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் ஏதோ மறந்துபோன மாதிரி எழுந்து போயிட்டாங்க. ரெண்டு பக்கமும் காலி சேரு, நடுவுல அது. நேரா மேடையத்தான் பாக்குது. என்னை இல்ல, மேடைய. இல்ல, என்னைத்தான். அதுக்கு ஒண்ணும் தெரியாது, டைட்டஸ் சொல்லியிருக்க மாட்டான். போலீஸ்கிட்டயே சொல்லாதவன் அம்மாகிட்டயா சொல்லுவான். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கெழம பஸ் ஸ்டாண்டுல செக்கிங், பையில கைய விட்டா ரெண்டு பொட்டலம். "யாருக்குடா ரெண்டு?" ன்னு கேட்டிருக்காங்க. "ரெண்டும் எனக்குத்தான் சார்." இத எனக்குச் சொன்னதே துரைக்கண்ணு அண்ணன்தான், பிளாக்குச் சங்கத்துச் செயலாளரு, ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்து படிக்கட்டுல நின்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு, "ரெண்டும் எனக்குத்தான்னு எவ்ளோ திமிரா சொல்றான் பாரு." அப்புறம் அவரே கணக்கு போட்டாரு. ஒண்ணு இருந்தா அடிக்கிறவன், ரெண்டு இருந்தா விக்கிறவன். அவ்ளோதான், ஒரே நாள்ல அது எட்டு மாடியும் ஏறிடுச்சு. விக்கிறான். யாருக்கு விக்கிறான்? பசங்களுக்கு. அதுக்குத்தான் பந்து ஆடக் கத்துத் தரேன்னு கூட்டிக்கிட்டுப் போனான். நாலு வருசமா சாயங்காலம் அஞ்சு மணிக்கு விசில ஊதி இருவத்தி ரெண்டு பசங்கள ஓட வெச்சவன், யாருக்காச்சும் முட்டி பேந்தா தூக்கிக்கிட்டு ஏழு மாடி ஏறினவன், அவன் விக்கிறவன். அந்த ரெண்டாவது பொட்டலம் என்னோடது. மாடிப்படியில எதுக்க வந்தான், பின்னாடி யாரோ வந்தாங்க, பேச முடியல, எனக்கும் சேத்து வாங்குன்னு ரெண்டு வெரலக் காட்டினேன். அவன் தலைய ஆட்டிட்டு எறங்கிப் போனான். ரெண்டே ரெண்டு வெரலு. அந்த ஒண்ணு இல்லாம இருந்திருந்தா அவன் வெறும் அடிக்கிறவன், நாலு திட்டு, ஒரு கேஸு, மூணு மாசத்துல சனம் மறந்திருக்கும். இப்ப அவன் ஜாமீன்ல வந்து செங்குன்றத்துல சித்தி வீட்ல கெடக்கிறான், போன் சுவிட்ச் ஆஃப், இங்க அவங்க அம்மாவோட ஒரே தண்ணிக் கொழாயில நிக்கக்கூட ஆளில்ல.

சொல்லிடலாம். எத்தன வாட்டி சொல்லிடலாம்னு எழுந்திருக்கேன். மூணாவது மாடி வரைக்கும் போயி அந்தக் கதவத் தட்டாம திரும்பி வந்தது மூணு தடவ. நாலாவது தடவ அக்காவே கதவத் தொறந்துச்சு, கையில கொடம், "இன்னாடி அஞ்சுகம், சாவியா?" ன்னுச்சு. ஆமாங்க்கான்னேன். எந்தச் சாவியும் இல்ல. இந்தச் சாவி இருக்கே, இதுதான் என் கழுத்தப் புடிச்சிருக்கு. எங்க வீட்டுச் செவுத்துல முப்பத்தியொரு ஆணி, முப்பத்தியொரு வீட்டுச் சாவி. காலையில அஞ்சு மணி பஸ்ஸுக்கு பொம்பளைங்க வீட்டு வேலைக்குப் போவும்போது மாட்டிட்டுப் போவாங்க, பசங்க ஸ்கூல் விட்டு வந்ததும் எடுத்துக்கும். கேட்கக்கூட மாட்டாங்க, கதவத் தள்ளிக்கிட்டு வந்து மாட்டிட்டுப் போவாங்க, நான் தூங்கிக்கிட்டு இருப்பேன். இங்க வந்த புதுசுல இப்படியா இருந்துச்சு? சைதாப்பேட்ட ஆத்தோரத்துலேர்ந்து எங்களத் தூக்கிப் போட்டாங்க, சேத்துப்பட்டு கூவத்தோரத்துலேர்ந்து அவங்களத் தூக்கிப் போட்டாங்க, இன்னும் எங்கெங்கயோ இருந்து. சீட்டுக் குலுக்கி வீடு. அக்கம்பக்கம் யாருன்னே தெரியாது. வெளிய வெச்ச பக்கெட்டு காணாப் போவும், செருப்பு காணாப் போவும், நீதான் எடுத்த, உங்க ஏரியாக்காரங்க அப்படித்தான்னு தெனம் ஒரு சண்ட. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம மாடி ஏறுவாங்க. இதெல்லாம் எப்படி மாறிச்சுன்னு எஸ்.ஐ. மேடம் போன வாரம் என்கிட்ட கேட்டாங்க, "எப்படிம்மா இவ்ளோ பேரு உன்ன நம்புறாங்க?" நான் என்னத்தச் சொல்லுவேன்? மொட்டமாடியில, மேடம். மத்தியானம் ரெண்டு மணிக்கு, தண்ணித் தொட்டி நெழல்ல. எனக்கு அப்ப இருவது வயசு, தலைக்குள்ள ஓயாத சத்தம், ஆத்தோரத்து வீட்ட இடிச்ச சத்தம் அப்படியே நின்னுபோச்சு உள்ள, ஒரு பிரெண்டு குடுத்தத எடுத்துக்கிட்டு ஒளிஞ்சு மாடிக்குப் போனா, அங்க ஏற்கெனவே ஒருத்தன் ஒளிஞ்சு உக்காந்திருக்கான். சேத்துப்பட்டுக்காரன். ரெண்டு பேரும் பயந்துபோயி முழிச்சோம். அப்புறம் அவன் சொன்னான், "நெருப்பு இருக்கா?" அதுதான் டைட்டஸ். அந்த வேற ஏரியாக்காரன்கிட்ட நான் பேசின மொத வார்த்த, இருக்கு. அங்க உக்காந்துதான் பேசினோம், கீழ பூட்டிக் கெடக்கிற ரூம சங்கத்துல கேட்டு வாங்கலாம், நீ பாடம் நடத்து, நான் பந்து ஆட விடுறேன்னு. இத மேடையில சொல்ல முடியுமா? இந்த பிளாக்குல ஒருத்தர ஒருத்தர் நம்ப ஆரம்பிச்சது அந்தப் பொகையிலதான்னு சொன்னா செருப்பு பறக்கும். நானும் அது நல்லதுன்னு சொல்லல. நல்லதா இருந்தா எதுக்கு இப்ப நாக்கு இப்படி ஒட்டுது. தெனம் ரெண்டு மணி ஆச்சுன்னா மனசு தானா படியேறும், வேற எதுவும் ஓடாது, வேலைக்கு இன்டர்வியூ லெட்டரு வந்தாக்கூட ரெண்டு மணிக்கு அப்புறம்தான் பாப்பேன். இழுத்துட்டு வந்து உக்காந்தா நாப்பது பசங்க கத்துறது மழை பெய்யிற மாதிரி இருக்கும், கோவமே வராது. அதுதான் பயமா இருக்கு. அஞ்சு மிஸ் அடிக்கவே மாட்டாங்க, அஞ்சு மிஸ்ஸுக்குக் கோவமே வராதுன்னு பசங்க சொல்லுதே, அந்தப் பொறுமை என்னோடதா, பொட்டலத்தோடதா? இந்த எட்டு நாள்ல ரெண்டு பசங்கள அறைஞ்சிருக்கேன்.

"டீ குடிம்மா." துரைக்கண்ணு அண்ணன். பேப்பர் கப்ப நீட்டிட்டு பக்கத்துச் சேர்ல உக்காந்தாரு, சேரு முனவுச்சு. கண்ணு செவந்திருக்கு, நேத்து சனிக்கெழம, அவரு சனிக்கெழம குவாட்டரு போட்டுட்டுப் பாடுறது எட்டாவது மாடிக்குக் கேட்கும். குவாட்டரு இந்தப் பேப்பர்ல சேராதுபோல. திட்டணும்னு வருது, திட்ட முடியல. அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்னிக்கு லிஃப்ட் ஓடல, இந்த மனுசன்தான் சேரோட தூக்கிக்கிட்டு ஏழு மாடி எறங்கினாரு, தன் ஆட்டோவுலயே ஏத்திக்கிட்டுப் போனாரு, முழு ராத்திரி ஆஸ்பத்திரி வெளிய பிளாட்பாரத்துல உக்காந்திருந்தாரு. அன்னிக்கு அவரு பக்கத்துல உக்காந்திருந்தது டைட்டஸ். அத அவரு மறந்துட்டாரு. "இன்னாம்மா, பயமா கீதா?" "இல்லண்ணே." "இன்னாத்துக்குப் பயம். உன்னிய வெச்சு வாசிக்கச் சொல்லணும்னு மேடத்துக்கிட்ட நான்தான் சொன்னேன். வேற யாரச் சொன்னாலும் பத்து பேரு மொணவுவான். உன் பேரச் சொன்னா ஒருத்தன் வாயத் தொறக்கல." டீ நாக்கச் சுட்டுச்சு. "அண்ணே," ன்னேன். "இன்னா?" "டைட்டஸ்..." அவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு. கோவம்னு நெனைச்சேன், கோவமில்ல. "அவன் பேச்ச எடுக்காதம்மா. என் பேரனும் அவன்கிட்டதான் ஆடினான். நான்தான் அனுப்பினேன், போடா, டைட்டஸ் அண்ணன்கிட்ட போனா உருப்படுவேன்னு. நம்பினேன்மா நானு." வேட்டி நுனியால மூக்கத் தொடைச்சுக்கிட்டாரு. இப்ப சொல்லு, அஞ்சுகம். இப்ப. ரெண்டு பேருதான் இருக்கீங்க, மைக்கு இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணே, அவன் விக்கலண்ணே, அது என்னோடதுண்ணே. அஞ்சே வார்த்த. வாயத் தொறந்தேன். "டீயில சக்கர கம்மிண்ணே" ன்னேன். அவரு சக்கர எடுத்தார எழுந்து போயிட்டாரு. நெசமாவே போயிட்டாரு, எனக்குச் சக்கர எடுத்தாரதுக்கு. தூ, நீயெல்லாம் ஒரு மனுசி.

சரி, சொன்னா என்ன ஆவும், வரிசையா யோசி. சாவியெல்லாம் போவும், அன்னிக்கு சாயங்காலமே முப்பத்தியொரு பேரும் வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்க, யாரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. ரூம பூட்டுவாங்க. ஆம்பள அடிச்சா கெட்டுப்போனான்னு சொல்லுவாங்க, பொம்பள அடிச்சான்னா அதுக்கு வேற வார்த்த வெச்சிருக்காங்க, அத அம்மா காதுல விழுற மாதிரி சொல்லுவாங்க. அம்மாவோட நெஞ்சு. எதிர்ல அம்மாவோட பொடவையில கொசுவம் சரியா மடிக்கல, யாரோ பக்கத்துல குனிஞ்சு சரி பண்றாங்க, எல்லாரும் அம்மாகிட்ட சிரிச்சுப் பேசுறாங்க, மக வாசிக்கப் போறாளாமேன்னு. போலீசு. மேடம் நல்லவங்கதான், ஆனா போலீசு போலீசுதான். சொல்லாம இருந்தா என்ன ஆவும்? ஒண்ணும் ஆவாது. அதுதான் கொடும, ஒண்ணுமே ஆவாது. டைட்டஸ் காட்டிக்குடுக்க மாட்டான். நான் வாசிப்பேன், கை தட்டுவாங்க, ஒருவேள இதோட விட்டுக்கூட விடுவேன், எட்டு நாளு தாங்கியாச்சே. நல்லவளாவே ஆயிடுவேன். அவன் மட்டும் செங்குன்றத்துலயே இருப்பான். ஆறாவது வரிசையில அந்த ரெண்டு சேரும் காலியாவே இருக்கும், எல்லாக் கூட்டத்துலயும், ரேஷன் வரிசையில, பஸ்ல. ஒரு மாசம் கழிச்சு அக்கா வீட்டக் காலி பண்ணிட்டுப் போவும், ஆட்டோவுல சாமானம் ஏத்தும்போது நான் ஒரு கை புடிப்பேன், நான் நல்ல பொண்ணாச்சே. அவன் எதுக்கு ரெண்டும் எனக்குத்தான்னு சொன்னான், எருமமாடு, யாரு கேட்டா அத? நான் பக்கத்துல இருந்திருந்தா திட்டியிருப்பேன். பொய், திட்டியிருக்க மாட்டேன். சந்தோசப்பட்டேன். அன்னிக்குப் படிக்கட்டுல துரைக்கண்ணு அண்ணன் அதச் சொன்னப்ப என் வயிறு குளுந்துச்சு, என் பேரு வரலன்னு, ஆமா, குளுந்துச்சு, அதுக்கப்புறம்தான் அழுகையே வந்துச்சு.

ஜீப்பு வந்துடுச்சு. எல்லாரும் எழுந்தாங்க, நானும். எஸ்.ஐ. மேடம் சின்னதா நாலு வார்த்த பேசினாங்க, யாரையும் வெரட்டல, "பழக்கம் இருக்கிறவங்கள ஒதுக்காதீங்க, எங்ககிட்டயோ டாக்டர்கிட்டயோ கூட்டிட்டு வாங்க" ன்னாங்க, சனம் தலைய ஆட்டுச்சு, ஆறாவது வரிசைப் பக்கம் ஒருத்தரும் திரும்பல. மைக்கு என் கைக்கு வந்துடுச்சு. சில்லுன்னு இருக்கு. பேப்பர்ல மொத வரி ஒரு கோடு, கோட்டுக்கு அப்புறம் 'ஆகிய நான்'. கோட்டுல அவங்கவங்க பேரச் சொல்லணும். எல்லாரும் கைய நீட்டிட்டாங்க, பாய்ல பசங்க, அம்மா, கான்ஸ்டபிளுங்க, ஓரத்துல நிக்கிற ஆம்பளைங்க. ஸ்டெல்லாக்கா மட்டும் கைய மடியிலயே வெச்சிருக்கு. யாரும் அதக் கேட்கல. நான் வாசிச்சேன், "அஞ்சுகம் ஆகிய நான்." அவங்கவங்க பேரச் சொல்லுங்கன்னு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கணும். யாரும் சொல்லல. மொத்தக் கூட்டமும் ஒரே கொரல்ல, "அஞ்சுகம் ஆகிய நான்" ன்னுச்சு. முந்நூறு பேரு. மீசைக்காரக் கான்ஸ்டபிளு அஞ்சுகம், துரைக்கண்ணு அண்ணன் அஞ்சுகம், எங்கம்மா அஞ்சுகம், பாய்ல இருக்கிற அத்தன பசங்களும் தொண்ட கிழிய அஞ்சுகம். மேடம் சிரிப்ப அடக்கிக்கிட்டு வேற பக்கம் பாத்தாங்க. யாருக்கும் தப்பாத் தெரியல, நான் என்ன சொன்னாலும் சொல்லத் தயாரா கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க, கண்ண மூடிக்கிட்டு சில பேரு. ரெண்டாவது வரி, எந்தவொரு போதைப் பொருளையும் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை, இனியும் பயன்படுத்த மாட்டேன். நான் இத வாசிச்சா இவங்க எல்லாரும் என் பேர்ல இந்தப் பொய்யச் சொல்லுவாங்க. எனக்காக. அம்மா சொல்லும். ஒண்ணாவது படிக்கிறது சொல்லும். என் பொய்ய நான் சொல்லிக்கலாம், அது என் பாடு. இவங்க வாயில எப்படி வெக்கிறது? எழுத்தெல்லாம் நெளியுது. மைக்குல என் மூச்சு எனக்கே கேட்குது. மேடம் நிமிந்து பாத்தாங்க. துரைக்கண்ணு அண்ணன் "சொல்லும்மா, சொல்லு" ன்னு வாயசைக்கிறாரு.

"டைட்டஸ் கையில இருந்த," ன்னேன்.

"டைட்டஸ் கையில இருந்த," ன்னுச்சு கூட்டம், அதே ராகத்துல, பேப்பர்ல இருக்கிற வரின்னு நெனைச்சுக்கிட்டு.

"ரெண்டு பொட்டலத்துல."

பாதிப் பேருக்கு நாக்கு நின்னுடுச்சு. மீதிப் பேரு சொல்லிட்டாங்க, "ரெண்டு பொட்டலத்துல." அம்மா சொல்லல. அம்மா என்னைப் பாத்துச்சு, அந்தப் பார்வையில எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஊதுவத்தி அம்மாவுக்கு எப்பவோ தெரியும்.

"ஒண்ணு என்னோடது. அவன் விக்கல."

பெரியவங்க ஒருத்தரும் சொல்லல. பசங்க மட்டும், கைய வெறப்பா நீட்டிக்கிட்டு, ஒரு எழுத்து விடாம, நான் சொல்லிக் குடுக்கிற எல்லாத்தையும் சொல்ற மாதிரியே சொல்லிச்சுங்க, "ஒண்ணு என்னோடது. அவன் விக்கல." துரைக்கண்ணு அண்ணன் கை பாதியில எறங்கி அப்படியே நின்னுச்சு. யாரோ ஒரு பொம்பள அய்யய்யோன்னுச்சு. உக்காந்துக்கலாம்னா சேரு எங்க இருக்குன்னு தெரியல. ஆறாவது வரிசையில ஸ்டெல்லாக்கா எழுந்து நின்னுச்சு. வந்து அறையப் போவுதுன்னு நெனைச்சேன், அறையட்டும்னும் நெனைச்சேன். அது வரல. நின்ன எடத்துலயே வலது கைய நீட்டுச்சு, மொத்தப் பந்தல்லயும் இப்ப பசங்க கையும் அது கையும்தான் நீண்டிருக்கு.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட?" ன்னுச்சு. "மேல சொல்லு. நான் சொல்றேன்."